இட்லிக்கு வந்த மீன்

மதினி,

போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் கட்டிப் பெருங்காயம் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்தாரோ இல்லையோ, நேரல் ஸ்டேஷன் பக்கத்து ஆற்றங்கரை அப்படியே கண்முன் வந்து நின்றது. மற்றவர்களுக்கு அது சாம்பார் வாசனை. எனக்கு அது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து மீனுக்கு மாவு பிசைகிற நீங்கள். "தூள் போதுமா, கட்டியேதான் வேணுமா?" என்று அவர் கேட்டது காதில் ஏறவே இல்லை. வாங்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று நன்றாக அழுதேன். பம்பாயில் நின்று அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

நம் இரண்டு வீட்டிலும் அதற்கு முன் தூண்டில் பிடித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. உங்கள் ஊரில் குளம் என்று பேர்தான், அதில் ஆடு மேயும் என்று நீங்களே சொல்வீர்கள். எனக்கோ தாராவியை விட்டால் வேறு ஊர் தெரியாது. எனக்குத் தெரிந்த தண்ணீர் குழாய்த் தண்ணீர். அப்படிப்பட்ட நாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் கர்ஜத் லோக்கல் ஏறி மீன்பிடிக்கப் போனோம் என்றால், காரணம் மீன் இல்லை.

என் அண்ணன் திலக் நகரில் வீடு வாங்கியதை என் வீட்டுக்காரர் டீக்கடையில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டார். ஒரே சந்தில் ஒரே கிரைண்டரில் மாவாட்டி, ஒரே அடுப்பில் இட்லி அவித்து, ஆளுக்கொரு பக்கம் சைக்கிளில் கொண்டுபோய் விற்ற மச்சானும் மாப்பிள்ளையும். "நம்ம வீட்டு விசயத்த ஊரான் சொல்லி நான் கேக்கணுமா?" என்று இவர் கேட்டார். "சாவி கைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்" என்று அண்ணன் சொன்னார். அதோடு சரி. தொழில் சேர்ந்துதான் நடந்தது, ஆனால் அண்ணன் விடியுமுன் வந்து அரிசியைப் போட்டுவிட்டு எதுவும் பேசாமல் நிற்பார். இவரும் எதுவும் பேசாமல் அவிப்பார். ஒரு பொங்கல் போய் அடுத்த பொங்கலும் வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். யாரோ ஒருவர் இந்தியில் தூண்டில் போடச் சொல்லிக்கொடுக்கிற வீடியோ.

"ஏட்டி, இதக் கேளு. தண்ணிக்கரையில பேசப்பிடாதாம். பேசினா மீனு ஓடிருமாம். இவுக ரெண்டு பேருக்கும் இதவிடத் தோதான வேலை உண்டுமா?"

உங்கள் வாயில் பொய் எவ்வளவு அழகாக வந்தது மதினி. இவரிடம், "ஒங்க மச்சானுக்குப் பிரஷர் கூடுது, ஆத்துக்காத்து வாங்கச் சொல்லிருக்கு, தனியாப் போனா வழுக்கி விழுந்துருவாரு" என்றீர்கள். அண்ணனிடம், "மாப்ளைக்கு மனசு சரியில்ல, தண்ணிக்கரையில தனியா விடக்கூடாது" என்றீர்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றத்தான் இரண்டு பேரும் வந்தார்கள்.

மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, முள், தக்கை எல்லாம் வாங்கியிருந்தோம். இரை வாங்க யாருக்கும் தோன்றவில்லை. இட்லிக்காரர்களுக்கு இரை என்று தனியாக எதற்கு? டப்பாவில் இருந்த இட்லியைப் பிய்த்து முள்ளில் குத்திப் போட்டோம். தண்ணீரில் பட்டதும் அது கரைந்துபோனது. அடுத்தது, அதற்கடுத்தது. கரையோரம் சிலேபிக் கெண்டைகள் கூட்டமாக வந்து தின்றுவிட்டு, முள்ளை மட்டும் மரியாதையாக விட்டுவைத்தன. உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நம்ம இட்லிக்குப் பல்லு வேண்டாம்னு மீனுக்கும் தெரிஞ்சு போச்சு" என்றீர்கள்.

அண்ணன் வெறும் முள்ளைப் பார்த்துக்கொண்டே, "உளுந்து கூடிப்போச்சு" என்று முணுமுணுத்தார்.

என் வீட்டுக்காரரும் தண்ணீரைப் பார்த்தபடியே, "உளுந்து சரிதான். அரிசிதான் புதுசு, தண்ணி விடுது" என்றார்.

"நாந்தான் பழைய அரிசி எடுக்கணும்னு..." என்று ஆரம்பித்த அண்ணன், பாதியில் நிறுத்தினார்.

"அத எங்கிட்டச் சொன்னாத்தான?" என்றார் இவர்.

நீங்கள் என் தொடையைக் கிள்ளினீர்கள். டப்பா காலியாகும் வரைக்கும் அவர்கள் அரிசியைப் பற்றிப் பேசினார்கள். மீன் ஒன்றுகூட அகப்படவில்லை. திரும்பும்போது நேரலில் நாம் இரண்டு பேரும் வடா பாவ் தின்று, சொந்தக்காசில் தீபாவளி கொண்டாடிய மாதிரி இருந்தோம்.

அடுத்த வாரம் கோதுமை மாவில் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தீர்கள். அதுவும் வீடியோவில் கற்றதுதான். "மீனுக்கு என்னக்கா, வாயுத் தொல்லையா?" என்று இவர் கேலி செய்தார். உருண்டை பட்டாணி அளவில்தான் இருக்க வேண்டும், முள்முனை வெளியே தெரியக்கூடாது, நிழல் தண்ணீரில் விழாமல் தள்ளி உட்கார வேண்டும், மழை நாளில் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஒவ்வொன்றாகப் படித்தோம். என் மகள் திவ்யா முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் கம்பாலேயே ஒரு தட்டு தட்டுவீர்கள். அவளுடைய முதல் மீன் உள்ளங்கையளவுகூட இல்லை. "இது பள்ளிக்கூடம் போற மீனு, விட்டுரு" என்றீர்கள். அவள் உங்களை முறைத்துக்கொண்டே விட்டாள்.

போன மழையில் காமாலை என்று படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை மதினி.

பதினாறாம் நாள் முடிந்து அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார். அவிப்புக்கு வருவதும் நின்றது. இவர் போன் போட்டால் "ம்", "சரி", அவ்வளவுதான். சண்டையென்றால் நடுவில் புகுந்து சமாதானம் பேசலாம். இப்போது சண்டையே இல்லையே, எதைத் தீர்ப்பது? பிள்ளையில்லாத வீட்டில் அண்ணன் தனியாகக் கிடக்கிறாரே, இனி நாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் முகம் பார்க்கிற சொந்தமாகிவிடுவோமே என்று பயந்தேன். உங்களுக்கு வந்த மாதிரி ஒரு பொய்கூட எனக்கு வரவில்லை.

பெருங்காயம் வாங்கி வந்த அன்றுதான், மனசு கேட்காமல், திவ்யாவை விட்டு மாமாவுக்குப் போன் போடச் சொன்னேன்.

"மாமா, சண்டே கோ நேரல் சலோ நா, மீன் பிடிக்கப் போலாம்" என்றாள்.

"அத்தை இல்லாம எதுக்கும்மா?"

"அத்தை இல்லன்னுதான் கூப்டுறேன்" என்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும், ஆனால் அத்தை மாதிரியே பேச வருகிறது.

நேற்று குர்லா பிளாட்பாரத்தில் அண்ணன் வெறுங்கையோடு நின்றார். இளைத்து, சட்டை தோளில் தொங்கியது. ஆற்றங்கரையில் நான் மாவு பிசைந்தேன், கல்லாகப் போய்விட்டது. நீங்கள் இருந்திருந்தால் அதற்கு நாலு பேச்சு வாங்கியிருப்பேன். அந்த நாலு பேச்சுக்காக எனக்கு ஏக்கமாக இருந்தது.

வெயில் ஏறுகிற நேரம் அண்ணனின் தக்கை முங்கியது. கம்பு வில்லாக வளைந்தது. நாங்கள் பார்த்ததிலேயே பெரிய மீன் அதுதான். அண்ணன் எழுந்து, பக்கத்தில் திரும்பி, "ஏ பிள்ள, வாளியக் கொண்டா, பெருசா கெடக்கு" என்றார்.

பக்கத்தில் நீங்கள் உட்காருகிற பாறைதான் இருந்தது.

அண்ணனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் வாளியை எடுத்துக்கொண்டு பேண்டோடு தண்ணீரில் இறங்கினார்.

"இந்தா கொண்டாந்துட்டேன் மச்சான். விட்டுராதீங்க, மெதுவா இழுங்க."

அண்ணன் அழுதுகொண்டே இழுத்தார். மீன் வாளிக்கு வந்தபிறகு, "நான் அவளத்தான் கூப்ட்டேன் மாப்ள" என்றார்.

"தெரியும் மச்சான். நீங்க அவுகளையே கூப்புடுங்க. நான் வாரேன்."

திரும்பும்போது அண்ணன் தன் வீட்டுக்குப் போகக் குர்லாவில் இறங்கவில்லை. சயான் வரைக்கும் எங்களோடு வந்து, நம் சந்துக்குள் நடந்து, கிரைண்டர் கல்லைத் தொட்டுப் பார்த்து, "கொத்தணும்ல இது, வழுக்கையாக் கெடக்கு" என்று இவரைத் திட்டினார். இவர் பதிலுக்குத் திட்டினார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உடனே ஓடிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மனசு துடித்தது. இதைச் சொன்னால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான், அந்த ஆளிடம்தான் சொல்ல முடியவில்லை.

இனி நாங்கள் போகிற ஞாயிறெல்லாம் அண்ணன் உங்களைத்தான் கூப்பிடுவார் மதினி. எங்களில் யாராவது வாளியோடு எழுந்து போவோம்.