தொட்ட ராஜா

மே 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். கைபேசிகளை முதல் நாளே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். முகாம் வேன் ஓட்டுகிற அண்ணன் நீங்கள் வேலை செய்கிற ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

காலையில் செஸ் வகுப்பு, மதியம் போட்டி. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும், யாரும் பார்க்காவிட்டாலும், என்று கோச் தினமும் ஓதுகிறார். நாளை மறுநாள் கடைசிச் சுற்றில் எனக்கு எதிராளி என் அறைத்தோழி. முதல் நான்கு பேருக்கு ஒரு வருடம் இலவசப் பயிற்சி. "ரெண்டு பேருமே என் பிள்ளைங்க. பத்து நகர்த்தல்ல டிரான்னு கைகொடுத்துட்டு எழுந்திருங்க" என்கிறார் கோச். அப்படிச் செய்தால் ஆளுக்கு அரைப் புள்ளி வாங்கி இருவருமே நால்வருக்குள் வந்துவிடுவோம், எங்களுக்கு அடுத்து நிற்கிற வாண்டுக்கு வழியே இல்லை. நான் மாட்டேன்.

உங்கள் மகள்

மே 12

அடி பிடிவாதக்காரி,

உன் வீராப்பை வீட்டோடு வைத்துக்கொள். காசு கட்டி உன்னைச் செஸ் படிக்கவைக்க இந்தச் சலவைக்கூடத்து வேலையில் எனக்கு வக்கில்லை. வாயை மூடிக்கொண்டு கைகொடுத்துவிட்டு வா. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

மே 13

அம்மா,

கைகொடுக்கவில்லை. ஆடினேன். ஜெயிக்கிற ஆட்டம். யானையை எடுக்கப்போன விரல் ராஜாவின் மேல் பட்டுவிட்டது. அறைத்தோழி குனிந்து தன் நகர்த்தலைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள், நடுவர் எங்கோ நின்றார். யாருமே பார்க்கவில்லை. ராஜாவைத்தான் நகர்த்தினேன். தோற்றேன்.

ஐந்தாவது இடம். நான்காவது அந்த வாண்டு. அறைக்கு வந்து அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வருத்தப்படவில்லை.

என் திமிருக்கு நான் மன்னிப்புக் கேட்டு, ஒரு படிவத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டால் இலவசப் பயிற்சியில் இன்னொரு இடம் தருகிறாராம் கோச். நான் முடியாது என்றதும், உங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்று படிவத்தை உங்களுக்கே அனுப்புகிறார். போடாதீர்கள் அம்மா. போட்டால் நான் இனிப் பலகையைத் தொடமாட்டேன்.

உங்கள் மகள்

மே 14

என் கண்ணே,

படிவம் வந்தது. போட்டுவிடலாம் என்றுதான் நர்ஸிடம் பேனா வாங்கினேன். 'என் மகள் ஒழுங்கு தவறினாள்' என்று அச்சடித்திருந்தது. யாரும் பார்க்காதபோது ராஜாவை நகர்த்தியவளா ஒழுங்கு தவறினாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இங்கே கிழிந்த விரிப்பு வந்தால், கிழிசல் உள்ளே போகும்படி மடித்து இஸ்திரி போட்டு வார்டுக்கு அனுப்பச் சொல்வார் மேற்பார்வையாளர். ஒன்பது வருடமாக அப்படியே செய்தேன். இன்று பதினோரு விரிப்புகளைத் தனியே எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். முறைத்தார். முறைக்கட்டும்.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் வேனிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். பலகையை மறக்காமல் எடுத்து வை.

அம்மா