சந்தனப் பொட்டு காட்டிக்கொடுத்த அட்டை

பாய்,

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், முதியோர் உதவித்தொகை விஷயமாக அரூரில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். மின்விசிறிக் காற்றில் அந்த மணம் லேசாக என் பக்கம் வந்தது. வரிசையில் நின்றபடியே சிரித்துவிட்டேன்.

"என்ன பெருசு, தனியா சிரிக்கறீங்க?" என்றார் பின்னால் நின்றவர்.

அவரிடம் என்ன சொல்வது? சொன்னால் புரிந்துகொள்ளக் கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துவிட்டேன்.

நான் எழுதுகிறேன் பாய். மாரியப்பன்தான் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு, போன வருஷம் ஆவணியில், பள்ளிக்கூடத்தில் நடக்கிற முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனால் எழுதி முடித்ததைத் திரும்பப் படித்தால் நான் நினைத்தது அப்படியே அங்கே இருக்கிறது! ஒவ்வொரு தடவையும் இருக்கிறது. இதை எல்லோரும் எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. பாலக்கோடு சாலையில் இருந்த எங்கள் ஆலையில் மாம்பழக் காலத்தில் மாங்கூழ் காய்ச்சுவோம், மற்ற நாளில் தக்காளி. லாரியிலிருந்து எது இறங்கினாலும் என் தோளில் ஏறித்தான் உள்ளே போகும். முதல் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஆடி மாதத்தில் போனது. பெங்களூரிலிருந்து அதை ஓட்டிவிட வந்தவர் நீங்கள். தருமபுரி டவுன்காரர்தான் என்று தெரிந்ததும் எங்களுக்கு ஒரே பெருமை. நான் 'சார்' என்றேன். "சார் பெங்களூர்ல இருக்கட்டும். இங்க பாய்னு கூப்பிடுங்க" என்றீர்கள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர் நீங்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு மாரிண்ணா.

அந்தப் பெட்டியில், அதை நடத்துகிற புரோகிராமாம், யூனிக்ஸ் என்று ஒன்றைப் போட்டீர்கள். பெட்டி ஒன்று, திரை நான்கு. நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து ஒரே பெட்டியில் வேலை பார்க்கலாம். அன்றைக்கு எந்தச் சிக்கலும் இல்லை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

அதேபோல இரண்டாவது பெட்டி ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்கியது. பூஜையன்று பாய்லர், எடைமேடை, லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தது நான்தான். கம்ப்யூட்டரிடம் வந்ததும் மேனேஜர், "வெளிய வெச்சா போதுமா? வேலை செய்யறதெல்லாம் உள்ளதானே இருக்குது. தொறந்து வைப்பா" என்றார். இரண்டு பெட்டியையும் திறந்தோம். உள்ளே பச்சை அட்டைகள், ஒவ்வொன்றிலும் கறுப்பு வில்லைகள், வெள்ளிக் கோடுகள். மேலிருந்து பார்த்தால் ராத்திரி ரயிலில் போகும்போது தெரிகிற ஊர் மாதிரி. ஒவ்வொரு அட்டைக்கும் சுண்டுவிரலால் கடுகளவு சந்தனம் தொட்டு வைத்தேன். மிச்சம் மீதி விடவில்லை.

நீங்கள் மறுபடி வந்தது நாலு நாள் கழித்து. புதுப் பெட்டியைத் திறந்து சந்தனத்தைப் பார்த்ததும் மேனேஜர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "எங்க தர்காவுலயும் சந்தனக்கூடு உண்டுங்க. ஆனா கம்ப்யூட்டருக்குள்ள பூசினது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள்.

பத்து மணிக்கு யூனிக்ஸின் முதல் பிளாப்பி உள்ளே போனது. இரண்டாவதும் போனது. அதன்பின் திரையில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்கிறதாம். ஆள் அதே பெட்டிக்குள் அங்கேயேதான் இருக்கிறார், ஆனால் யூனிக்ஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் வயரைக் கழற்றி மாட்டினீர்கள். அரிசி அளவுள்ள குல்லாக்களை ஒரு ஊசியிலிருந்து பிடுங்கி இன்னொரு ஊசியில் மாட்டினீர்கள். திரும்பவும் முதல் பிளாப்பி, இரண்டாவது பிளாப்பி, அதே வரி. பதினோரு மணிக்கும் அதே. பன்னிரண்டுக்கும் அதே.

ஸ்டோர் கீப்பர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார். "மாரி, அடுத்த வருஷம் பொங்கப் பானையையும் உள்ள ஏத்திடு. சூடா ஓடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் வந்தார். "வெச்ச கை உன் கை. மிஷின் சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா நாளைலேருந்து நீ வர வேணாம்" என்றார். வைக்கச் சொன்னது அவர். அதை அந்த அறையில் இருந்த எல்லோரும் அறிவார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நீங்கள் திறந்தீர்கள். "சந்தனம் இல்லைங்க. சந்தனம் கெடுத்திருந்தா பெட்டியோடயே வந்த டாஸ் புரோகிராமும் ஓடக் கூடாது. டாஸ் நல்லா ஓடுது பாருங்க" என்று ஓட்டியும் காட்டினீர்கள்.

"அப்ப வேற என்ன கோளாறு?"

"தெரியலைங்க."

பாய், அந்த ஒரு சொல் என்னை அப்படியே நிறுத்தியது. படித்த ஒருவர் நாலு பேர் முன்னால், தலை குனியாமல் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மேனேஜர் விடவில்லை. "தெரியலன்னா சந்தனந்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். என் கையில் ஒரு தாளைக் கொடுத்தீர்கள். "மாரிண்ணா, இந்த நம்பரும் அட்டைப்பெட்டி மேல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க."

"கண்ணாடிய வூட்ல வெச்சுட்டு வந்துட்டனுங்க பாய்."

பத்து வருஷமாக அந்த ஆலையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி என்று ஒன்று என்னிடம் கிடையாது. சம்பளத் தாளில் என் பெயரைக் கோலம் மாதிரி வரையப் பழகி வைத்திருந்தேன், அவ்வளவுதான். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். குரலைத் தாழ்த்தினீர்கள்.

"கண்ணாடி போட்டா தெரியுமாண்ணா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாதுங்க."

"எனக்கும் காலைலேருந்து தெரியல. ரெண்டு பேரும் ஒண்ணுதான். வாங்க, இப்படி உக்காருங்க."

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது பாய். துடைத்திருக்கிறேன்.

நம்பரை நீங்களே ஒப்பிட்டீர்கள். தாளில் எழுதியதும் அட்டைப்பெட்டியில் ஒட்டியதும் ஒன்றே, இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒன்றே. "பேப்பர் பிரகாரம் ரெட்டப் புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியின் மூடியையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். நான் குனிந்து பார்த்தேன். எனக்குப் பார்க்க நம்பர் கிடையாது. என் விரல் வைத்த பொட்டுகள்தான் தெரிந்தன.

"பாய், இந்த அட்டை அது இல்லைங்க."

"எது?"

"அந்தப் பழைய பொட்டியில ரெண்டு கறுப்பு வில்லைக்கு நடுவுல வெறும் எடம் இருந்துச்சு. பொட்டு அங்க வெச்சேன். இதுல நடுவுல எடமே இல்ல. அதான் ஓரத்துல வெச்சிருக்கேன், பாருங்க. மத்த அட்டைங்க எல்லாத்துலயும் பொட்டு ஒரே எடத்துல இருக்குது. இது ஒண்ணுதான் மாறுது."

நீங்கள் அந்த இரண்டு அட்டைகளையும் உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தீர்களே, கீழே தக்காளி கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அனுப்பியவர்கள் அதே பெயர் ஒட்டிய பெட்டிக்குள் வேறு கன்ட்ரோலர் அட்டையைப் போட்டிருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை ஆட்டிவைக்கிற அட்டை அதுதானாம்.

"அப்ப டாஸ் மட்டும் எப்படிங்க ஓடுச்சு?" என்று கேட்டேன். கேட்கிற தைரியம் அன்றுதான் வந்தது.

"டாஸ் தானா எதுவும் செய்யாதுண்ணா. அட்டையிலயே ஒரு தரகர் உக்காந்திருக்கார். அவர்கிட்ட சொல்லிட்டு டாஸ் ஒதுங்கிக்கும். அட்டை எதுவா இருந்தாலும் காரியம் ஆயிடும். யூனிக்ஸுக்குத் தரகர் ஆகாது. நேராப் போய் அட்டை கையப் புடிக்கும்."

"சந்தையில மாட்டுக்காரன் துண்டு போட்டு மூடி, விரலப் புடிச்சு வெல பேசற மாதிரிங்களா?"

உங்கள் கை அப்படியே நின்றது. "அதேதான்."

"எந்த விரலுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு பேருக்கும் தெரியணுமில்ல?"

"இந்த அட்டையோட விரல் யூனிக்ஸுக்குத் தெரியலண்ணா. அவ்ளோதான் கோளாறு."

நான் அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று படி அரிசி கொள்ளாத இடம். அதற்குள் ஒரு சந்தை, ஒரு தரகர், துண்டுக்கடியில் இரண்டு கைகள்.

பழைய பெட்டியின் அட்டையைப் புதியதில் மாட்டினீர்கள். மேனேஜர் திரும்பி வந்த நேரம் பார்த்து, டிஸ்க்கில் இருந்த டாஸும் காணாமல் போனது. "உள்ளதும் போச்சா!" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"போகலைங்க. அந்த அட்டை எழுதினத இந்த அட்டைக்குப் படிக்க வராது. மொத்தத்தையும் அழிச்சு, இந்த அட்டைய வெச்சே புதுசா கோடு போடணும்."

கோடு போடுகிற சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று வெகு நேரம். ஒரே டிஸ்க், அதே இரும்பு. ஒருவன் எழுதினால் இன்னொருவனுக்கு அது வெறும் இரும்பு. நான் சுவரோரம் நின்று அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நாளைக்கு எனக்கு வேலை உண்டா இல்லையா என்பது அதற்குள் இருந்தது.

மறுபடி முதல் பிளாப்பி. இரண்டாவது. நீங்கள் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தீர்கள். அந்த வரி வர வேண்டிய இடத்தில் வேறு வரி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பச்சை எழுத்துகள் ஒகேனக்கல் தண்ணீர் மாதிரி விழ ஆரம்பித்தன. ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. ஆனால் ஓடுகிறது என்று தெரிந்தது.

நீங்கள் எழுந்து மேனேஜரிடம், ஸ்டோர் கீப்பர் காதிலும் விழும்படி சொன்னீர்கள். "தப்பு என்னோடதுங்க. பேப்பரப் படிச்சேன், அட்டையப் பார்க்கல. கண்டுபிடிச்சது மாரிண்ணா."

மேனேஜர் திறந்து கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தார். "அப்ப அடுத்த வருஷமும் சந்தனம் வைக்கலாங்களா?" என்றார்.

"வைங்க. தயவுசெஞ்சு மூடி மேல."

சரியான அட்டை அடுத்த வாரம் பெங்களூர் பஸ்ஸில் வந்து, அதுவரை சும்மா கிடந்த பழைய பெட்டிக்குள் போனது. நான் ஆலை மூடுகிற வரையில் வேலையில் இருந்தேன். வருஷங்கள் கழித்து நீங்கள் போன் செய்து, "மாரிண்ணா, இப்ப லினக்ஸ்னு ஒண்ணு வந்திருக்குது. அதுவும் அட்டை தெரியலன்னு நிக்குது. இங்க பொட்டு வைக்கத்தான் ஆளில்ல" என்று சிரித்தீர்கள். அன்று எழுதப் படிக்கக் கற்றுத் தருகிறேன் என்றும் சொன்னீர்கள். "இந்த வயசுல எதுக்குங்க பாய்" என்று தட்டிவிட்டேன். அப்போது எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

போன வருஷம் ஆனியில் உங்கள் மகள் போன் செய்தாள். "அப்பா தவறிட்டாங்க மாமா" என்றாள். உங்கள் பழைய நோட்டில் என் நம்பர் இருந்ததாம். மையவாடிக்கு வந்தேன். ஆட்கள் நிறைய. நானும் ஒரு கை மண் போட்டேன்.

வகுப்பில் முதல் நாள் டீச்சரம்மா பலகையில் ஒரு எழுத்தைப் போட்டு, "இது என்ன?" என்றார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் கண்ணாடியைத் துடைத்தார்கள். நான் எழுந்து நின்றேன். "தெரியலைங்க" என்றேன். எழுபத்து மூன்று வயதில் நான் முதல் தடவையாக அதை உரக்கச் சொன்னேன். சொன்னதும் உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது.

போன வாரம் தருமபுரி பஸ் நிலையத்தில் ஒரு அம்மா, "ஐயா, இது எந்த ஊர் வண்டிங்க?" என்று கேட்டது. முன்பெல்லாம் காது கேட்காதவன் மாதிரி நகர்ந்துவிடுவேன். நிமிர்ந்து பார்த்தேன். சேலம், திருப்பத்தூர், அரூர் என்று வரிசையாக எல்லாம் எனக்குப் புரிகிறது. அந்த வண்டியில் மட்டும் கன்னட எழுத்து. வட்டம் வட்டமாக, அழகாக இருந்தது. எனக்கு மறுபடி அந்த ஆச்சரியம். இன்னும் எவ்வளவு இருக்கிறது!

"எனக்குத் தெரியலம்மா, வா, கண்டக்டரக் கேப்போம்" என்று சொல்லி, அதன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.