பூட்டவில்லை என்று வைத்த கைநாட்டு

கஜா புயலில் கருக்களாச்சேரிப் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தனவே, அதற்கு மறு வருஷம். கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால். தேதி எனக்குத் தெரியாது, தங்கச்சி. நீ இரும்புக் கேட்டின் உள்பக்கம் நின்றது மட்டும் அப்படியே கண்ணில் இருக்கிறது.

நேற்று தொழிலாளர் சங்கத்துப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தை விரித்தாள். அடியில் என் கைநாட்டு. எழுத்துத் தெரியாவிட்டாலும் என் பெருவிரல் எனக்குத் தெரியாதா? குறுக்கே ஓடும் பழைய வெட்டுத் தழும்பும் சேர்ந்தே விழுந்திருந்தது.

கீழவாஞ்சூர் ரோட்டில் அந்த இறால் ஷெட். நீ உள்ளே ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்தாய். நான் வாசலில் காவல். லோடு முடியும்வரை யாரையும் வெளியே விடக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. உங்கள் ஆதார் கார்டெல்லாம் அவர் பீரோவில். அன்று மத்தியானம் நீ ஈரக்கையோடு ஓடி வந்தாய். பின்னால் நாலு பெண்கள்.

“அண்ணே, தொறங்க. எம் புருசன் போன போட்டு நேத்துலேர்ந்து கரைக்கு வரல.”

“மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு தங்கச்சி. வந்துடட்டும்.”

“அவரு ஏப்பம் வுடுற வரைக்கும் கடலு காத்துக்கிட்டு இருக்குமா? சாவி ஒங்க இடுப்புலதான தொங்குது?”

நான் திறக்கவில்லை. வெயில் தாழும்வரை நின்றாய். எஞ்சின் பழுதான படகை வேறொரு படகு இழுத்து வந்தது; உன் புருஷன் பிழைத்தார். அதனால் நான் பூட்டியது இல்லை என்றாகிவிடாது.

கொஞ்ச நாளில் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் சோதனைக்கு வந்தார். உங்களுக்குப் புதுத் தொப்பி, புதுக் கையுறை. பூட்டைக் கழற்றி மறைத்தாயிற்று. மேனேஜர் பக்கத்தில் நிற்க, “ஆளுங்க நெனச்ச நேரம் வெளிய போலாமா?” என்று வந்தவர் என்னைக் கேட்டார். “போலாங்க” என்றேன். பூட்டுவதில்லை என்று எழுதி நீட்டிய காகிதத்தில் விரலை வைத்தேன்; நேற்று விரித்தது அதைத்தான். நீ குழாயடியிலிருந்து, “மை நல்லா புடிச்சுதாண்ணே?” என்றாய். என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை.

ஆனாலும் நீ என்னோடு பேச்சை முறிக்கவில்லை. வேலை முடிந்து ஷெட் வேனில் வீட்டுக்குப் போகும்போது சொன்னாய்: “மொதலாளி ஆளப் பக்கத்துல வச்சிக்கிட்டு கேட்டா, எங்க வாயால மொதலாளிதான் பேசுவாரு. எங்களத் தனியா கூப்புட்டுக் கேக்கட்டும்.”

நேற்று வந்த பெண் சொன்னாள், சரக்கு வாங்கும் நாட்டில் அடிமை வேலைக்கு எதிரான சட்டத்தைத் திருத்தப் பேச்சு நடக்கிறதாம். இதுவரை கம்பெனிகள் வருஷத்துக்கு ஓர் அறிக்கை எழுதிப் போட்டால் போதுமாம். உள்ளே இருப்பது நிஜமா என்று பார்ப்பாரில்லை. இனி வேலை செய்பவர்களைத் தனியே கேட்க வேண்டும், கண்டதையும் அதைச் சரிசெய்ததையும் எழுத வேண்டும், மறைத்தால் தண்டனை வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன. வேனில் நீ கேட்டதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்டுவிடவில்லை. சட்டம் வரும், பார்த்துக்கொண்டே இரு.

பழைய அறிக்கை மறைத்ததைக் காட்டச் சாட்சி வேண்டுமாம். “பூட்டினேன். பட்டப்பகலில், என் கையால்” என்றேன். அந்தப் பெண் எழுதினாள். இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அதே விரலை வைத்தேன். 

“பூட்டுனவரு சொன்னா மட்டும் பத்தாதுங்க ஐயா. உள்ள நின்னவங்க ஒருத்தராவது சொல்லணும்” என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். உன் பின்னால் நின்ற அக்கா தங்கை இருவரையும் கொரோனா ஒரே வாரத்தில் கொண்டுபோனது. பிறகு ஓர் ஐப்பசியில் நீயும் போய்விட்டாய். இடது கையால் உரிப்பாளே, காசாக்குடிக்காரி, அவள் போன தையில். இன்று காலை முதல் பஸ்ஸில் பூவம் போனேன். நாற்றங்காலில் நின்றவள் என்னைக் கண்டதும் சேற்றுக் கையோடு வரப்பேறினாள். விஷயத்தைச் சொன்னேன்.

“வர்றேன். ஆனா நீங்க செஞ்சத ஒரு சொல்லு கொறைக்க மாட்டேன்” என்றாள்.

“கொறைக்காதம்மா” என்றேன்.

அன்று உன் தோளுக்குப் பின்னால் நின்று கம்பியை உலுக்கினாளே, அவள்தான். ஐந்து பேரில் மிச்சம் இருப்பவள், பூவத்து அஞ்சலை.