மாம்பழப் பெட்டி மட்டை

மல்வேர்ன்
16.3.1997

அன்பு மகள் துர்க்காவுக்கு,

நான் எழும்புகிறேன், வேலைக்குப் போகிறேன், சோறு வைக்கிறேன். சுகம் என்பது இப்போதைக்கு இவ்வளவுதான். எட்மன்ரனில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டபடி இருக்கிறேன். உன்னோடு தங்கியிருக்கும் ஜெயமலர் போன கிழமை போன் எடுத்தாள். நீ கார் ஓடுவதை விட்டுவிட்டாயாம். கருவிப் பெட்டியையும் யாருக்கோ கொடுத்துவிட்டாயாம். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அம்மாவின் செத்தவீட்டில் நீ என்னிடம் கேட்டாய், நான் பூட்டின தண்ணி ஹோஸ் கழண்டோ கார் வழியிலை நிண்டது அப்பா என்று. பழைய கார் பிள்ளை, என்னத்தைச் சொல்ல என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு மாதமாகச் சொல்லவில்லை.

அம்மா போன அன்றிலிருந்து பனிக்குள் நின்ற காரைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் கிண்டி எடுத்தோம். என்னோடு வேலை செய்யும், பின்னேரத்தில் கராச்சிலும் நிற்கும் பொன்னம்பலம் வந்து பார்த்தான். ஒழுக்கு இல்லை, பெல்ற் நல்லது, விசிறி சுற்றுகிறது, பம்பும் சரி. நத்தார் லீவுக்கு வந்தபோது நீ மாற்றிய மேல் ஹோஸை அசைத்துப் பார்த்துவிட்டு, உதை ஆர் அண்ணை பூட்டினது, பெட்டையோ, எங்கடை கராச்சுப் பெடியளுக்கு வந்து படிப்பிக்கச் சொல்லுங்கோ என்றான். பிறகு அதைக் கழற்றி உள்ளே பார்த்தான். தேர்மோஸ்ரற் எங்கை அண்ணை என்றான். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைத்திருக்கும் அந்தச் சின்ன வால்வை ஆகஸ்ட்டில் நான்தான் கழற்றி எறிந்தேன். கார் சூடேறியது, வவுனியாவில் லொறி ஓடிய காலத்தில் எல்லோரும் செய்ததைச் செய்தேன். அவன் சிரித்தான். உது கனடா அண்ணை, ஏ ஒன்பது றோட்டு இல்லை, உது இல்லாட்டி விண்டருக்கு ஹீற்றர் எப்பிடிச் சுடும் என்றான்.

சுடவில்லைதான். கிழமைக்கு மூன்று நாள் அம்மாவை டயாலிசிசுக்கு ஏற்றி இறக்கினேனே, இரத்தம் சுத்திகரித்து வரும்போது அவவுக்கு உடம்பெல்லாம் நடுங்கும். பிரிட்ஜுக்குள்ளை வைச்சுக் கொண்டுபோறியள், என்னை மீன் எண்டு நினைச்சியளோ என்று கேட்பா. அதற்காகத்தான் நீ திரும்பிப் போன அடுத்த நாள் மாம்பழப் பெட்டியின் மட்டையை வெட்டி றேடியேற்றருக்கு முன்னால் கம்பியால் கட்டினேன். குளிர்காற்று அடைபட்டது. ஹீற்றர் சுட்டது. இண்டைக்குத்தான் இது கார் என்று சொன்னா. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து உடனே வரச்சொன்ன அன்று பனி உருகி மழை பெய்தது. அஜக்ஸ் வேலையிடத்திலிருந்து வெளிக்கிட்டேன். 401 நெடுஞ்சாலையில் விபத்து, வாகனம் நகரவில்லை. மட்டையின் நினைவே வரவில்லை. சூடு காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறியது, ஆவி பறந்தது, ஓரங்கட்டினேன். பொனற்றைத் திறந்ததும், றேடியேற்றருக்குக் காற்றே போகவில்லை என்று விளங்கிவிட்டது. மட்டையை இழுத்து எடுத்தேன், என்ஜின் ஆறும்வரை மழைக்குள் நின்றேன். நாற்பது நிமிடம். நான் போய்ச் சேர்வதற்குக் கால் மணித்தியாலம் முன்னர் முடிந்துவிட்டது. வாசலைப் பார்த்தபடி ஏதோ கேட்டாவாம். நேர்சுக்குத் தமிழ் விளங்கவில்லை.

மட்டையை டிக்கிக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். பொன்னம்பலத்துக்கு எடுத்துக் காட்டினேன். அவன் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

பிள்ளை, உன்னுடைய ஹோஸ் ஒரு சொட்டும் விடவில்லை. நான் கழற்றியது, நான் கட்டியது, நான் மறந்தது. நீ பழியை உன்னில் போட்டுக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது. அதுதான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. கோபம் வந்தால் கோபி. பஸ்ஸுக்குக் குளிரில் நிற்காதே. கருவிப் பெட்டியைத் திரும்ப வாங்கு.

புது தேர்மோஸ்ரற் போட்டாயிற்று. இப்போது பத்து நிமிடத்தில் ஹீற்றர் சுடுகிறது. அம்மா இருக்கும் சீற்றுப் பக்கத்துக் காற்று வழியை நான் மூடுவதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்டகாலம் இருக்க வேண்டும். உன் கைக்கு ஒரு குறையும் வராது. ஹோஸைத் திரும்பப் பூட்டியது நான். உன் அளவுக்கு இறுக்கம் வரவில்லை. வரும்போது ஒருமுறை பார்.

உன் அப்பா,
க. ஸ்ரீஸ்கந்தராசா