கால்வாய்ப் பக்கத்துப் புல்

அன்பு மகள் லின்னுக்கு,

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே உங்கள் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி குட்டி பெத்தும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். பெத்துக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது, சிரிப்பு அப்படியே உன் அப்பாவின் சிரிப்பு. விமான டிக்கெட்டும் வந்தது, டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டை விற்றுவிட்டு மார்ச்சில் கிளம்பி வா, அந்தக் குளிரில் தனியாக என்னத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டிருந்தாய், அதற்கு நான் பதிலே போடவில்லை என்று உனக்குக் கோபம். காரணம் உன் அப்பாதான். சிரிக்காதே. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது என்பது எனக்கும் தெரியும். போனில் சொன்னால் அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று டாக்டரை அனுப்பி வைப்பாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

நம் கிளப்பின் ஃபுட்பால் மைதானத்தில் கால்வாய்ப் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் புல்லை விலக்கி அவர் சாம்பலைப் புதைத்தபோது நீயும் பக்கத்தில் நின்றாய். நம் ஊர் ஹேல்பியில் பாதி ஆண்கள் சர்ச் கல்லறையில் இல்லை, அங்கேதான் கிடந்தார்கள். ஆட்டம் பார்க்க அவர் வழக்கமாக நின்ற இடத்தில் அப்புறம் எவனும் நிற்கவில்லை, எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் ஓர் ஆள் அகலத்துக்கு விட்டுவிட்டுத்தான் நின்றார்கள், செத்தவன் இடத்தை எடுக்கக் கூடாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். இதெல்லாம் கிளப்பை வாங்கின அந்த முதலாளிக்கு எங்கே தெரியப் போகிறது! போன கோடையில் கிளப்பையே பெயர்த்தெடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வேறு ஊருக்குப் போய்விட்டான், ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேப்பரைப் பார்த்துத்தான் ஊருக்கே தெரிந்தது. பேரையும் மாற்றிவிட்டான், அந்தப் புதுப் பேரை நான் என் கையால் எழுத மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு மட்டும் பிறந்தநாள் வாழ்த்து தவறாமல் வருகிறது. அன்புள்ள ரேமண்ட், நமது புதிய இல்லத்தில் உங்கள் இருக்கை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்ததும் கார்டை அடுப்பில் போட்டேன்.

சாம்பலையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கிளப்புக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஒரு சின்னப் பெண் தேன் ஒழுகப் பேசினாள். எல்லாரையும் மரியாதையா புது ஸ்டேடியத்து நினைவுத் தோட்டத்துக்கு மாத்தியாச்சு மேடம், திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம் என்றாள். பக்கத்து வீட்டு எட்னாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். வழவழவென்று ஒரு கருங்கல், அதைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று புல். எட்னா சும்மா இருப்பாளா, குனிந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், பாய் மாதிரிச் சுருண்டு வந்தது, பிளாஸ்டிக். அடியில் சிமெண்டு. இதுக்குள்ள ஒரு எறும்பைக்கூடப் புதைக்க முடியாதுடி மேவிஸ் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, என் புருஷனை எங்கேடா கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்று அந்தக் கல்லைப் பார்த்துச் சத்தம் போட்டேன், காவலாளி வந்து வெளியே போகச் சொன்னான்.

திரும்பி வரும்போது எட்னா பஸ்ஸில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே வந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணு சொல்றேன் திட்டாதே, அவனுங்க போறப்போ அந்தப் புல்லைத்தான் சதுரம் சதுரமா வெட்டி அட்டைப்பெட்டியில போட்டு வித்தானுங்க, ஹேல்பி மண் உங்கள் வீட்டுக்குன்னு விளம்பரம் வேற, நானும் ஒண்ணு வாங்கிப் பின்னாடி பதிச்சிருக்கேன் என்றாள். இதிலென்ன திட்டுவதற்கு என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, எங்க வீட்டுல ஒருத்தர் நிக்கிறார்டி என்றாள். யாரு என்றேன். அதான் தெரியல, எங்க ஆளு இல்ல, பாதம் ரொம்பப் பெருசா இருக்கு என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வீட்டுப் பின்புறம் போய் நின்றேன். மூன்று மணி என்றால் ஆட்டம் தொடங்கும் நேரம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் முழுக்க உறைபனி, வெள்ளை வெளேரென்று கிடந்தது. நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புல்துண்டில் மட்டும் இரண்டு இடத்தில் பனி மெல்ல அமுங்கியது, லின். இரண்டு பூட்ஸ் தடம், குதிகால் விரல் எல்லாம் தெளிவாக, அடியில் பச்சை தெரிந்தது. இரண்டும் பழைய மைதானத்தைப் பார்த்து இருந்தன. எட்னாவின் நாய் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு நிலைப்படியைத் தாண்ட மறுத்துவிட்டது. ஆட்டம் முடியும் நேரத்துக்குத் தடத்தின்மேல் மறுபடி பனி படிந்துவிட்டது. எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அன்றைக்கு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அப்படியென்றால் உன் அப்பா ரேயும் யார் வீட்டிலோ நின்றுகொண்டிருக்கிறார்.

சாயப்பட்டறையில் தள்ளுவண்டி ஏறியதிலிருந்து அவருடைய இடது பாதம் வெளியே திரும்பியிருக்குமே, அதை வைத்துத்தான் தேடினேன். சனிக்கிழமைதோறும் புல் வாங்கினவர்கள் வீடு வீடாகப் போனேன். எந்த வீட்டிலும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் பின்பக்கம் அழைத்துப் போனார்கள். எல்லா வீட்டிலும் தடம் இருந்தது. ஒருவராவது அதைப் பற்றி வெளியே மூச்சுவிட்டதில்லை பார், அப்படி ஓர் ஊர் இது. ஒரு தடமாவது அந்தப் புது ஸ்டேடியம் இருக்கும் திக்கைப் பார்க்கவில்லை.

கடைசியில் எங்கே கிடைத்தார் தெரியுமா, அப்பாவின் பழைய கூட்டாளி ஹெரால்டு இபட்சன் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில்! கிளப்பை இந்த முதலாளி வாங்கி ஜெர்சி நிறத்தை மாற்றிய அன்றைக்கே ஹெரால்டு சீசன் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இவனுங்க ஒருநாள் நம்மளை நடுத்தெருவுல விட்டுட்டுப் போவானுங்க பாரு என்று சொன்னான். டீமை விட்டுட்டுப் போறவன் பொண்டாட்டியையும் விட்டுட்டுப் போவான்டா என்று அப்பா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார், அதோடு சாகும்வரை இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஹெரால்டு மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, வா மேவிஸ், நீ வருவேன்னு தெரியும், உன் ஆளுதான், இலையுதிர் காலத்துலேர்ந்து நிக்கிறான், நான் சொன்னது நடந்துச்சா இல்லையான்னு வாராவாரம் கேக்குறேன், இப்பவும் வாயத் திறக்க மாட்டேங்கிறான் பிடிவாதக்காரன் என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது. கிளப்பே வேண்டாம் என்றவன் நீ ஏன் புல்லை வாங்கினாய் என்று கேட்டேன். கிளப்பு அவனுதா இருக்கலாம், புல்லு நம்மளுது என்றான். பிறகு அவனே துண்டை அலுங்காமல் வெட்டியெடுத்து, கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, நம் துணி காயப்போடும் கம்பத்தடியில் பதித்துக் கொடுத்தான்.

இங்கேயும் நின்றார். சனிக்கிழமை வந்தால் நான் சமையலறை ஜன்னலில் நிற்பேன், அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நிற்பார். கல்யாணமான நாள் முதலாகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் பார்த்தது அந்த முதுகைத்தானே, அதனால் அது எனக்குப் பழகிவிட்டது, பயமும் போய்விட்டது. வீட்டில்தான் இருக்கிறார், இனி நான் நிம்மதியாக உன்னிடம் வரலாம் என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மைதானத்தை இடித்துவிட்டார்கள். கால்வாய்ப் பக்கத்துப் பார்வையாளர் ஸ்டாண்டு விழுந்த சத்தத்தில் நம் வீட்டுக் கண்ணாடி டம்ளரெல்லாம் நடுங்கின. அந்தச் சனிக்கிழமை தடம் வந்தபோது பார்த்தால், லின், குதிகால் மைதானத்துப் பக்கம் இருக்கிறது, விரல்கள் என் ஜன்னலைப் பார்த்து இருக்கின்றன. பார்க்க அங்கே ஒன்றுமில்லை, பாவம், திரும்பிவிட்டார். கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்து உடைந்தது. எட்னா வீட்டில் நின்ற பெரிய பாதக்காரரை அன்றோடு காணவில்லை. யாரென்று அப்புறம்தான் தெரிந்தது, அவருடைய பெண்டாட்டி கால்வாய் ரோட்டில் இருக்கிறாளாம், இப்போது தடம் அவள் வீட்டிலாம். இங்கே அடுத்த வாரம் தடம் புல்துண்டை விட்டு இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் துணிக்கொடியைத் தாண்டியாயிற்று, இடது தடம் வெளியே திரும்பியபடி. போன வாரம் பின்கதவுப் படிக்கல்லில் வந்து நின்றார், அதற்கு மேல் வரவில்லை.

ஏன் என்று உனக்கும் தெரியும். ஆட்டம் முடிந்து சேற்றுக் காலோடு வந்தால் நான் உள்ளே விட மாட்டேன், படியிலேயே நின்று பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து, நான் சரி உள்ள வாங்க என்று சொல்லும்வரை ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். மழை கொட்டினாலும் அப்படித்தான் நிற்பார். நான் கூப்பிட வேண்டும் என்றுதான் நிற்கிறார், லின். போன வாரம் எனக்கு வாய் வரவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கைப்பிடி பனிக்கட்டியாக இருந்தது. வெளியே பூட்ஸ் தேய்க்கும் சத்தம் கேட்டது. இந்த வீட்டை யாருக்கோ விற்றுவிட்டு நான் அங்கே வந்துவிட்டால், முன்பின் தெரியாத ஒருத்தியின் வாசலில் கூப்பிட ஆளில்லாமல் அவர் நின்றுகொண்டே இருப்பார். அந்தக் கிளப் அவருக்குப் பண்ணியதை நானும் பண்ண மாட்டேன். டிக்கெட்டை இதோடு வைத்து அனுப்புகிறேன், திருப்பிக் கொடுத்துவிடு, என்மேல் வருத்தப்படாதே.

இன்றைக்குச் சனிக்கிழமை. இரண்டு மணி ஆகப் போகிறது, வெளியே நல்ல பனி. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டேன், எனக்கும் அவருக்கும் கோப்பை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், இன்றைக்குக் கூப்பிட்டுவிடுவேன். இதைத் தபாலில் போட ஹெரால்டு இப்போது வருவான். நீயும் உன் பிள்ளையும் குறைவில்லாமல் நூறு வயது இருங்கள், வெயிலில் பெத்துக்குத் தொப்பி போட்டு அனுப்பு, மாப்பிள்ளையோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்காதே. கிளப்பிலிருந்து என் பேருக்கு மலர்வளையம் எது வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் பண்ணு. நான் எடுக்காவிட்டால் பதறாதே, பின்கதவுச் சாவி ஒன்று ஹெரால்டிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

எப்போதும் உன் நினைவாக,
உன் அம்மா
மேவிஸ்