லைன் போனால் ஆட்டம் ரத்து

1978 ஏப்ரல் 4

இன்றும் தோற்கவில்லை. தோற்பதற்கு இரண்டு நகர்த்தல் பாக்கி இருந்தபோது லைன் போய்விட்டது.

போய்விட்டது என்றா எழுதினேன்? டெலிபோன் போர்டில் பிளக்கைப் பிடுங்கியது இந்த வலது கைதான். நாட்குறிப்பிலும் பொய் எழுத வந்துவிட்டது. நல்ல முன்னேற்றம்.

பாகூருக்கு அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்சில் என்னைப் போலவே ஆபரேட்டராக இருக்கும் வசந்தாவை நான் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம். மணிக்கொரு தடவை லைன் டெஸ்ட் செய்ய வேண்டும். "ஹலோ, கேக்குதா?" "கேக்குது சார்." அதோடு ஆளுக்கொரு நகர்த்தல். அவர் மேஜையில் ஒரு செஸ் பலகை, என் ஸ்டூலில் ஒன்று. ஒரு ஆட்டம் முடிய வாரம் ஆகும் — முடிந்தால்.

அடுத்த மாதம் புதுச்சேரியில் டெலிபோன் ஊழியர்களுக்குச் செஸ் போட்டி. இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். பழகிப் பார்க்க இந்த வட்டாரத்தில் எனக்கு அவரை விட்டால் ஆள் இல்லை, அவருக்கு என்னை விட்டால் இல்லை. பாவம் அவர்.

லைன் போனால் ஆட்டம் ரத்து, புதிதாகத் தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் லைன் செத்துக் கிடந்தபோது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் இது. லைன் போனதற்குச் சாட்சியாகப் புகார் பதிய வேண்டும் என்பதும் சட்டத்தில் சேர்த்தி. பதிந்தேன். எங்கள் லைன்மேன் இருசப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பங்குனி வெயிலில், கம்பம் கம்பமாகப் பார்க்கப் போனார்.

ஏப்ரல் 5

இருசப்பன் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். "காத்தாடி நூலு சார். கரும்புக் கொல்லையாண்ட கம்பில மாட்டிகினு இருந்திச்சி. எட்த்துப் போட்டேன். இப்ப பேசிப் பாருங்க, கணீர்னு இருக்கும்."

பேசிப் பார்த்தேன். கணீரென்றுதான் இருந்தது. பாராட்டு வேறு சொன்னேன்.

ஏப்ரல் 13

ராணி போய்விட்டது. இவ்வளவு கேவலமாக ஒரு ராணியை யாரும் பறிகொடுத்திருக்க மாட்டார்கள். காலையில் வீட்டில் மனைவி ஜெயாவிடம், இந்த வாரம் அந்த அம்மாவை மடக்கப் போகிறேன் என்று மார்தட்டிவிட்டு வந்தேன். "மொதல்ல கொழாய மடக்குங்க, தண்ணி ஒழுகுது" என்றாள்.

லைன் போயிற்று. இந்தத் தடவை காக்கைக் கூடு என்றார் இருசப்பன். தேடுகிற மனுஷனுக்கு ஏதாவது கிடைத்துவிடுகிறது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. இனிமேல் பிளக்கில் கை வைப்பதில்லை. சத்தியம்.

ஏப்ரல் 22

வைத்தேன்.

ஏப்ரல் 24

இருசப்பனுக்கு ஒரு கண்ணைக் காணோம். வீங்கி மூடிக்கொண்டிருக்கிறது. குளவி.

"ஒண்ணியும் இல்ல சார். கீழ எங்கயும் கோளாறு காணோம். சரி, உச்சில இருக்கும்னு ஏறிப் பாத்தேன். அங்க கூடு கட்டியிருந்திச்சி."

கோளாறு இல்லாததால் ஏறியிருக்கிறார். சுண்ணாம்பு வாங்கி வந்து தடவிவிட்டேன். தடவிக்கொண்டே, கோளாறு லைனில் இல்லை, என்னிடம்தான் என்று சொல்லிவிட்டேன். நல்ல கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நெழல்ல குந்திகினு இருந்திருப்பனே சார்."

பிற்பகல் டெஸ்டில் வசந்தாவிடமும் விஷயத்தைத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"தெரியும் சார். லைன் போனா சத்தமே இருக்காது. பிளக்கப் புடுங்கினா டொக்குன்னு கேக்கும். மூணு வாட்டியும் கேட்டிச்சி."

"அப்ப ஏன் மேடம் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். இப்ப ஒரு மனுசன் கண்ணு வீங்கிக் கெடக்கறாரு. எனக்கு ஆட்டம் வேணாம் சார். லைன் சரியா இருக்குது, வெச்சிடறேன்."

ஏப்ரல் 26

"ஹலோ, கேக்குதா?" "கேக்குது."

அவ்வளவுதான்.

மே 5

தனியாகப் பழகுகிறேன். இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் தோற்கிறது.

மே 14, ஞாயிறு

புதுச்சேரி போட்டி. நான் முதல் சுற்றிலேயே காலி. எதிரில் கணக்குப் பிரிவு வழுக்கைத் தலையர் ஒருவர். வெற்றிலை மென்றுகொண்டே என்னை முடித்துவிட்டு எழுந்து துப்பப் போனார். மேஜைக்கு அடியில் கை தன்னால் துழாவியது. பிடுங்க ஒன்றும் இல்லை.

வசந்தாவை முதல்முறையாகப் பார்த்தேன். குரலுக்கு உயரமான ஆள் என்று நினைத்திருந்தேன். குள்ளம். பச்சைச் சேலை. இரண்டாவது சுற்றில் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார். எதிராளிக்கு ராஜா மட்டும் மிச்சம். இவரிடம் ராணியும் யானையும். நான் பின்னால் நின்றேன். ஒரு குழந்தைகூட முடித்துவிடும் ஆட்டம். இவர் அந்த ராஜாவைப் பலகை முழுக்கத் துரத்துகிறார், முடிக்கத் தெரியவில்லை. கடைசியில் ராணியைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தார் — ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. அப்படி ஆனால் டிரா. மறுபடி ஆடச் சொன்னார்கள். அதில் தோற்றுவிட்டார்.

வெளியே வந்து என்னிடம் பேசினார். கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. "ஜெயிக்கற எடத்துக்கு வரத் தெரியுது சார். ஜெயிக்கத் தெரியல. எப்பிடித் தெரியும்? ஒரு ஆட்டத்தையும் கடைசி வரிக்கும் ஆடுனதில்லயே."

என் தோல்வியை ஒளித்துக்கொள்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று இத்தனை நாள் நினைத்தேனே! நான் பிடுங்கியதெல்லாம் அவருடைய ஜெயத்தை. வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன்.

மே 16

காலை டெஸ்டில் சொன்னேன். "மேடம், ஏப்ரல் இருபத்திரண்டு ஆட்டம். நான் புடுங்கின எடத்துல காயெல்லாம் அப்பிடியே எடுத்து வெச்சிருக்கேன். இப்ப நீங்க ஆடணும்."

"அதெல்லாம் ஞாபகம் இருக்குதா?"

"அந்த அடி மறக்குமா?"

"நீங்க தோத்துடுவீங்க சார்."

"தெரியும்."

"லைன் போச்சின்னா?"

"போனா நானே சைக்கிள எடுத்துகினு கம்பம் ஏறறேன்."

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. அடுத்த மணிக்கு நகர்த்தல் வந்தது.

மே 17

நன்றாகத் தப்பித்து ஓடுகிறேன். சும்மா கொடுத்தால் அது அவருக்குப் பழக்கமாகாது. பலகை முழுக்க என் ராஜா ஓட்டம்தான்.

மே 18

இருசப்பன் ஸ்டூல் அருகில் நின்று பலகையைப் பார்த்தார். எது நீங்க என்று கேட்டார். ராஜாவைக் காட்டினேன். "இன்னா சார், மூலையில போயி நிக்கிறீங்க" என்றார்.

மே 19

நான்கு மணி டெஸ்ட். அவர் யானை கடைசி வரிசைக்கு வந்தது.

"மேட்டுங்களா சார்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். செக். ஓட இடமில்லை, மறைக்க ஆளில்லை. "மேட்டுதான் மேடம்" என்றேன்.

அவர் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்கே யாரிடமோ சொல்வது கேட்டது. "முடிச்சிட்டேன். நானே முடிச்சிட்டேன்."