கல்லில் வெட்ட ஒரு பேர்

சுரங்கக் காலனி, மத்தியப் பிரதேசம்
4.3.2025

அன்புத் தங்கச்சி குள்ளம்மாளுக்கு,

போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நம் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். குழிவாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தாயிற்று. உள்ளே செத்தவர்களுக்காகப் பக்கத்தில் பேர் வெட்டி ஒரு கல் வைக்கிறோம்.

என்னோடு குழியில் இறங்கிய உன் புருஷன் குப்புராஜ் அவன் அண்ணன் கருப்பண்ணன் பேரில்தானே வேலை பார்த்தான்? ஆபீஸ் கணக்கில் செத்ததும் கருப்பண்ணன்தான். பேரை மாற்ற, உயிரோடிருக்கும் கருப்பண்ணனே எழுதித் தர வேண்டுமாம். கேட்டுப் பார் தங்கச்சி. மே ஒன்றாம் தேதி கல் திறப்பு.

உன் அண்ணன்,
சவுரியப்பன்

பாப்பிரெட்டிப்பட்டி
22.3.2025

சவுரியப்பண்ணனுக்கு,

நலம் என்று எழுதக்கூடத் தெம்பில்லை. அரூருக்கு பஸ் ஏறிப் போய் மூத்தாரைக் கேட்டேன். வேலை உத்தரவு வந்தது அவருக்கு. குழியில் இறங்கப் பயந்து தம்பியை அனுப்பியதும் அவர். இப்போது சொல்கிறார்: "ஆள்மாறாட்டம்னு கேஸ் போட்டா இந்த வயசுல யாரு அலையறது? ஆனா உசுரோட இருக்கறவன் பேரைக் கல்லுல வெட்டுனீங்க, சும்மா இருக்க மாட்டேன்!"

"நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

என் வீட்டுக்காரரைக் குழியிலிருந்து தூக்கி வந்தபோது நீங்கள் எல்லாரும் "கருப்பண்ணா, கருப்பண்ணா" என்றுதான் அழுதீர்கள். புருஷன் பேரை நான் சொல்லக்கூடாது. சொந்தப் பேரைச் சொல்லி அழ ஒரு நாதி இல்லாமல் போய்ச் சேர்ந்தார் அண்ணா. இனி இந்தக் கல்லுமா? மாலை போட நான் வரவில்லை. அலுத்துவிட்டது.

தங்கச்சி,
குள்ளம்மாள்

சுரங்கக் காலனி
2.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்றுக் கல் திறந்தோம். அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்கு ஆள் கூப்பிடுவது போலவே பேர்களை வாசித்தேன். ஒவ்வொரு பேருக்கும் வீட்டார், வந்திருக்கிறோம் என்பதற்கு, "ஹாஜர்" என்றார்கள். கருப்பண்ணன் பேர் வந்தது. வாசித்தேன். பின்னாலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். உன் மூத்தார்! யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி வந்திருக்கிறார்.

"நிறுத்துங்க! கருப்பண்ணன் நாந்தான், நான் சாவலை. செத்தது என் தம்பி குப்புராஜு!"

கத்திவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதார். அதிகாரி அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார். கல்தச்சர் புதுப் பேரை வெட்டுகிறார்.

மூத்தார் என் வீட்டில்தான் இருக்கிறார். உன் முகத்தில் விழிக்க வெட்கமாம், ஊருக்கு வரமாட்டாராம். என்ன செய்யட்டும்?

சவுரியப்பன்

பாப்பிரெட்டிப்பட்டி
14.5.2025

சவுரியப்பண்ணனுக்கு,

அழுதாரா? நன்றாக அழட்டும். இத்தனை வருஷம் கழித்து என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது?

அவரை ரயிலேற்றி விடுங்கள். நேராக என் வீட்டுக்கு வரட்டும், சோறு போடுகிறேன். என்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் மன்னித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

குள்ளம்மாள்